துடைக்க வேண்டாம்

மகாவலி கரையை உடைத்துக்கொண்டு வெருகல் பக்கம் பரவிய அன்று காலை, கிண்ணியாவில் உதவி நிலையமாக மாறியிருந்த ஒரு பாடசாலையின் மேல்மாடியில் இருந்து பஸ்மியா ஓர் இணையப் பக்கத்தைச் செய்து முடித்தாள். பெரிய வேலைப்பாடு ஒன்றுமில்லை. வெள்ளத்தில் அகப்பட்டவர்கள் தங்கள் பெயர், இடம், எத்தனை பேர், என்ன அவசரம் என்பதைப் போனிலிருந்தே எழுதி அனுப்பலாம். வள்ளக்காரர்கள் அதே பக்கத்தைத் திறந்து, யாரை எங்கே போய் ஏற்றுவது என்று பார்க்கலாம். ஏற்றி முடிந்ததும் பச்சைப் பொத்தானை அழுத்தினால் அந்த வரி கீழே இறங்கிவிடும்.

கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறவள் அவள். ஆகவே கை தானாகவே பழகிய வழியில் போயிற்று. வெளிநாட்டில் மாத வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சின்ன சேர்வரில் இரண்டு கொண்டெய்னர்களை, அதாவது மென்பொருளைத் தனித்தனியே அடைத்து ஓடவிடும் பெட்டிகளை, ஏற்றினாள். ஒன்றுக்குள் பக்கம் ஓடும். மற்றதற்குள் டேட்டாபேஸ், மக்கள் அனுப்புகிற விபரமெல்லாம் போய்ச் சேருகிற இடம் அது. ஏதாவது ஒன்று மக்கர் பண்ணினால் அதை அப்படியே அழித்துவிட்டு, இமேஜ் என்கிற அதே அச்சில் புதிதாக ஒன்றைக் கண்மூடித் திறப்பதற்குள் எழுப்பலாம்.

"கொண்டெய்னரா? துறைமுகத்துல இறக்குறதா?" என்று அவளுடைய கணவன் அஸாம் கேட்டான். ஹாட்வெயார் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கீழே சோற்றுப் பார்சல் கட்டுகிறவர்களோடு நின்றவன் அவன்.

"அது இரும்பு. இது வேற" என்றாள் பஸ்மியா, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

காலையில் தொண்டர்கள் போன் அழைப்புகளைக் கடதாசியில்தான் எழுதத் தொடங்கியிருந்தார்கள். மழைச் சாரலில் மை கரைந்தது. ஒரே வீட்டுக்கு இரண்டு வள்ளம் போனது. இன்னொரு வீட்டுக்கு ஒன்றுமே போகவில்லை. பக்கம் திறந்ததும், "இனிக் கடதாசி வேணாம், எல்லாத்தையும் இதில போடுங்க" என்று சொன்னவள் பஸ்மியாதான். எல்லாரும் கேட்டார்கள். பக்கத்தின் முகவரி வட்ஸ்அப்பில் மூதூருக்கும் ஈச்சிலம்பற்றுக்கும் பறந்தது. திருகோணமலை டவுனிலிருந்து பேணாட் என்ற மீனவர், தன் தேவாலயப் பங்கு ஆட்களோடு வள்ளங்களை லொறியில் ஏற்றிக்கொண்டு மூதூர் தாண்டிப் போய், வெள்ளத்தில் இறக்கியிருந்தார். அவருடைய ஆட்கள் எல்லாருடைய போனிலும் அந்தப் பக்கம் திறந்திருந்தது.

கிருஷாந்தனும் கைகொடுத்தான். முன்பு அவளோடு ஒரே கம்பனியில் வேலை செய்தவன், ஈச்சிலம்பற்றில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வெள்ளவத்தையில் இருப்பவன். "உங்கடை பக்கம் கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. சேர்வரை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று தானே முன்வந்தான். அவளும் தயங்காமல் உள்ளே போகும் வழியை அனுப்பிவிட்டாள்.

நடுப்பகல் தாண்டியதும் வரிகள் மழையோடு போட்டி போட்டுக்கொண்டு வந்தன. ஒன்று அவள் கண்ணில் தைத்தது. கமலாதேவி என்ற ஒரு பெண் அனுப்பியிருந்தாள். ஈச்சிலம்பற்றுப் பக்கம். மருமகளுக்கு மாதம் நிறைந்துவிட்டது, கூரையில் இருக்கிறோம், போனில் சார்ஜ் முடிகிறது என்று எழுதியிருந்தது. இடத்தையும் விபரமாக எழுதியிருந்தாள். பஸ்மியா அந்த வரியைச் சிவப்பாக்கி மேலே ஏற்றினாள். உடனே அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்தாள். போன் செத்துப்போயிருந்தது.

அதற்குப் பிறகுதான் பக்கம் இழுபடத் தொடங்கியது. அனுப்புகிற விபரம் பதிவாகவில்லை. பச்சைப் பொத்தானை அழுத்தினால் வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. அவள் சேர்வருக்குள் போகப் பார்த்தாள், இணைப்பு அறுந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் அறுந்தது. கடைசியாகத் திரையில் ஒரு வட்ஸ்அப் செய்தி விழுந்தது. கிருஷாந்தன் அனுப்பியது.

"டிஸ்க் நிரம்பிட்டுது. ரெண்டு கொண்டெய்னரையும் அழிச்சுப்போட்டு, தேவையில்லாததெல்லாத்தையும் துடைச்சுப்போட்டுத் திரும்ப ஏத்துறன்."

அவ்வளவுதான். சிக்னல் கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. கிண்ணியாவின் செல்போன் கோபுரத்தின் பற்றரி காலையிலிருந்தே தத்தளித்துக்கொண்டிருந்தது, இப்போது ஓய்ந்துவிட்டது.

சரி, அழித்து எழுப்பட்டும், அதற்காகத்தானே கொண்டெய்னர் என்று ஒரு கணம் நினைத்தாள். அடுத்த கணமே டேட்டாபேஸ் நினைவுக்கு வந்தது.

பக்கம் ஓடுகிற கொண்டெய்னரை எத்தனை தரமும் அழிக்கலாம். டேட்டாபேஸை அப்படி அழிக்க முடியாது. அதனுள் சேருகிற விபரத்தைக் கொண்டெய்னருக்கு வெளியே, பெயர் வைத்த ஒரு தனி இடத்தில் வைக்கும்படி முதலிலேயே எழுதிவிட வேண்டும். வொல்யூம் என்று அதைச் சொல்வார்கள். கம்பனி வேலை என்றால் அவள் அந்த வரியை எழுதாமல் விட்டிருக்கமாட்டாள். இன்று காலை, போன் அலறிக்கொண்டிருந்த அந்த இரைச்சலுக்குள், பிறகு எழுதலாம் என்று விட்டாள். பிறகு என்பது வரவேயில்லை.

கடதாசியையும் அவள்தான் நிறுத்தினாள்.

அவள் எழுந்து சன்னலடிக்குப் போனாள், திரும்பி வந்தாள். கையிரண்டையும் நெற்றியில் வைத்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அவள் எடுத்திருந்த அந்த டேட்டாபேஸ் வகை, சொல்லாவிட்டாலும் தன் பாட்டில் வெளியே ஓர் இடத்தைப் பிடித்து விபரத்தை அங்கேதான் வைக்கும். பெயர் வைக்காத வொல்யூம். கொண்டெய்னரை அழித்தாலும் அது யாருக்கும் சொந்தமில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும். பேச்சுமூச்சில்லாமல் கிடப்பதால்தான், துடைக்கிறவன் கண்ணுக்கு அது குப்பையாகத் தெரியும்.

தேவையில்லாததெல்லாத்தையும் துடைச்சுப்போட்டு.

லெப்டொப்பை மூடி, சோற்றுப் பார்சல் கட்டுகிற பொலித்தீனில் சுற்றிக்கொண்டு படியில் இறங்கினாள். "சிக்னல் எங்க இருக்கு?" என்று அஸாமிடம் கேட்டாள்.

"இங்க ஒரு இடத்திலயும் இல்ல. பாலத்துல நடுவுக்குப் போனா சீனன்குடாப் பக்கத்துக் கோபுரம் எடுக்கும் எண்டு இப்பதான் ஒருத்தர் செல்லிட்டுப் போனார். ஏன்? என்ன நடந்த?"

"பைக்கை எடுங்க. போற வழியில செல்றன்."

மழை முகத்தில் அறைந்தது. தெருவில் முழங்கால் தண்ணீர். அஸாம் கால்களைத் தூக்கிக்கொண்டு, எஞ்சின் நின்றுவிடாதபடி உறுமவிட்டு ஓட்டினான். பின்னால் இருந்து அவள் கத்திச் சொன்னதில் அவனுக்குப் பாதிதான் கேட்டது. கேட்ட பாதியில் "பிள்ளைத்தாச்சி" என்ற சொல் இருந்தது. அதற்குப் பிறகு அவன் விளக்கம் கேட்காமல் பைக்கை முறுக்கினான்.

பாலத்துக்குக் குறுக்கே தடுப்பு வைத்திருந்தார்கள். காற்று பலமாக இருப்பதால் வாகனம் விடுவதில்லை என்று மழையங்கி போட்ட நேவிக்காரர் ஒருவர் சிங்களத்தில் சொல்லிக் கையைக் காட்டினார்.

"போக ஏலாது. திரும்பிப் போங்க."

அஸாம் சிங்களத்தில் பேசினான். கடையில் பழகிய சிங்களம்; சாமான் விலை சொல்லத் தெரிந்த அளவுக்கு வெள்ளத்தைச் சொல்லத் தெரியவில்லை. ஒரு கட்டத்தில் பேச்சை விட்டுவிட்டு, மனைவி மார்போடு அணைத்திருந்த பொலித்தீன் பொதியைக் காட்டி, பிறகு வெருகல் திசையைக் காட்டி, தன் வயிற்றுக்கு முன்னால் கையை வளைத்துக் காட்டினான். நேவிக்காரர் பஸ்மியாவின் முகத்தைப் பார்த்தார். தடுப்பை ஓரமாக இழுத்தார்.

"நடந்து போங்க. பைக் வேணாம். காத்து தள்ளும்."

நடந்தார்கள். ஒரு பக்கம் கொட்டியாரக் குடா சாம்பல் நிறத்தில் கொதித்தது. மறுபக்கம் களப்பு சேற்று நிறத்தில் பொங்கியது. அஸாம் காற்று வருகிற பக்கமாக நடந்தான். பாலத்தின் நடுவை நெருங்கும்போது அவளுடைய கைக்குள் போன் அதிர்ந்தது. தவறிய அழைப்புகளும் செய்திகளும் கொட்டின. அவள் எதையும் பார்க்காமல் கிருஷாந்தனின் எண்ணை அழுத்தினாள்.

லைன் பிசி.

மறுபடி அழுத்துவதற்குள் பேணாட்டின் அழைப்பு உள்ளே வந்தது.

"தங்கச்சி, பக்கம் வெறுமையாக் கிடக்குது. ஒரு பெயரும் இல்லை. இதில சிவப்பா ஒண்டு கிடந்ததெல்லோ, பிள்ளைத்தாச்சி ஒண்டு. நாங்கள் அங்கதான் வெளிக்கிட்டனாங்கள். இடம் என்னெண்டு பாக்கத் திரும்பத் திறந்தால் ஒண்டையும் காணேல்லை."

"அண்ணன், உங்கட ஆக்கள் ஆருடைய போனிலயாவது பழைய பக்கம் அப்பிடியே நிக்குதா?"

"எல்லாரும் திரும்பத் திரும்ப அமத்திப் பாத்தாச்சு. ஒருத்தரிட்டயும் இல்லை. எங்க போறது எண்டு சொல்லுங்கோ. தண்ணி ஏறுது."

"கொஞ்சம் நில்லுங்க அண்ணன். தாறன்" என்றாள். எதைத் தருவது என்று அவளுக்கே தெரியவில்லை.

கிருஷாந்தனை மறுபடி அழைத்தாள். பிசி. மறுபடியும் பிசி. "எதையும் துடைக்க வேண்டாம்" என்று செய்தி எழுதி அனுப்பினாள். ஒற்றைச் சரிக்குறியோடு அது நின்றது. நனைந்த விரலுக்குத் திரை கேட்க மறுத்தது. முக்காட்டின் உட்பக்கத்தில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினாள். இந்தத் தடவை மணி போனது.

"பஸ்மியா, உங்களைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறன்." அவனுடைய குரல் உடைந்திருந்தது. "எல்லாம் போட்டுது. நான் கொண்டெய்னரை அழிச்சதோட டேட்டாவும் போட்டுது. நீங்கள் வெளியில வொல்யூம் வச்சிருப்பியள் எண்டு நினைச்சிட்டன். பாக்காமல்…"

"கிருஷாந்தன், நான் கேக்கிறதுக்கு மட்டும் செல்லுங்க. எதையெதைத் துடைச்சீங்க?"

"பழைய இமேஜ் எல்லாம். காலமையில இருந்து நீங்கள் திருத்தித் திருத்திக் கட்டினது. அதுதான் டிஸ்க்கை அடைச்சது."

"வொல்யூம்?"

"இல்லை. இன்னும் கொஞ்சம் இடம் எடுக்கலாம் எண்டு இப்ப அதைத்தான்…"

"கீபோர்ட்டில இருந்து கையை எடுங்க!"

அவள் போட்ட சத்தத்தில் அஸாம் திரும்பிப் பார்த்தான்.

"எடுத்தீங்களா?"

"ஓம். எடுத்திட்டன்."

"அது வெளியதான் வச்சிருக்கும். பெயர் இல்லாம. நான் வாறன். நீங்க ஒண்டையும் தொடாம போன்ல மட்டும் நில்லுங்க."

நடுப்பாலத்தில் லெப்டொப்பைத் திறப்பது எப்படி? காற்று மூடியையே பிய்த்துவிடும் போலிருந்தது. அப்போது நேவிக்காரருடைய ட்ரக் பின்னாலேயே மெதுவாக ஊர்ந்து வந்தது. அவர் காற்றுக்குக் குறுக்காக அதை நிறுத்தி, இறங்கி வந்து, கீழே இருக்கும்படி கை காட்டினார். அஸாம் தன் மழையங்கியைக் கழற்றி இருவர் தலைக்கும் மேலே பிடித்தான். பஸ்மியா நனைந்த தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, லெப்டொப்பை மடியில் திறந்து, போனின் இணைப்பில் சேர்வருக்குள் போனாள். பற்றரி அடையாளம் சிவப்பில் நின்றது.

வொல்யூம்களை வரிசையாகக் காட்டச் சொன்னாள். ஒன்றல்ல, பல இருந்தன. காலையில் அவள் ஏற்றிப் பார்த்து இறக்கிய ஒவ்வொரு தடவையும் ஒன்று பிறந்திருந்தது. எல்லாவற்றுக்கும் பெயர் என்று ஒன்றுமில்லை. எழுத்தும் எண்ணும் கலந்து நீளமாக ஒரு கிறுக்கல். எது எதுவென்று பார்த்துச் சொல்ல முடியாது.

"அளவைப் பாருங்கோ" என்றான் கிருஷாந்தன் போனில். இப்போது அவனுடைய குரல் ஓரளவு அடங்கியிருந்தது. "பெரிசா இருக்கிறது அதுவாத்தான் இருக்கும்."

"பாத்துக்கொண்டுதான் இருக்கன்."

அளவு வர நேரமெடுத்தது. ஒவ்வொரு வரியாக விழுந்தது. எல்லாம் ஏறத்தாழ ஒரே அளவு. ஒன்று மட்டும் கொஞ்சம் கூட. கடைசியாக மாறிய நேரத்தைப் பார்த்தாள். நடுப்பகலுக்குப் பிறகு.

புதிய டேட்டாபேஸைத் தொடவில்லை. வெறுமையான அந்தப் பக்கத்துக்கும் இதற்குள் ஆட்கள் எழுதத் தொடங்கியிருந்தார்கள். அதையும் இழக்க முடியாது. அதற்கு அருகில் தனியாக இன்னொரு டேட்டாபேஸ் கொண்டெய்னரை எழுப்பி, அந்தக் கிறுக்கல் பெயருள்ள வொல்யூமை அதனோடு கோத்தாள்.

எழும்பவில்லை. "சீராக மூடப்படவில்லை, சரிபார்க்கிறேன்" என்ற பொருளில் ஒரு வரி வந்து நின்றது. டிஸ்க் நிரம்பி மூச்சுத் திணறி விழுந்த டேட்டாபேஸ் தன் காயங்களைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"விடுங்கோ, அது முடிக்கட்டும். இடையில நிப்பாட்டிப்போடாதேங்கோ" என்றான் கிருஷாந்தன்.

"பற்றரி போகப் போகுது."

"போனால் நான் இங்கயிருந்து பாக்கிறன். இப்ப விளங்குது எனக்கு."

அஸாம் மழையங்கியை இன்னும் தாழ்த்திப் பிடித்தான். அவன் உதடு அசைவதைப் பஸ்மியா கண்டாள். அவளும் உள்ளுக்குள் துஆ கேட்டாள். யாருக்கென்று பிரித்துக் கேட்கத் தெரியவில்லை.

ஆயத்தம் என்றது திரை. அவள் விபரங்களைக் காட்டச் சொன்னாள். பெயர்கள் கீழிருந்து மேலாக ஓடின. முகம் தெரியாத அத்தனை பெயர்களும் அப்படியே இருந்தன. அழுவதற்கு நேரமில்லை. முதல் வேலையாக எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்துக் கிருஷாந்தனுக்கும் தனக்கும் அனுப்பினாள். "நீங்க இதைப் புதுசோட சேருங்க. ஒண்டையும் அழிக்காம" என்றாள்.

"சேக்கிறன். இப்ப சேக்கிறன்."

பிறகு பேணாட்டை அழைத்தாள்.

"அண்ணன், கேளுங்க. கமலாதேவி. ஈச்சிலம்பற்றில இருந்து வெருகல் போற றோட்டில பழைய நெல் ஸ்டோர் ஒண்டு இருக்காம். அதுக்குப் பின்னால வாய்க்கால் தாண்டி, நீலத் தகரக் கூரை. கூரையில இருக்கிறாங்க."

"நெல் ஸ்டோர் எனக்குத் தெரியும். முன்னுக்குத்தான் நிக்கிறம்." எஞ்சின் இரைச்சல் கூடியது. "வேற என்ன இருக்கு அந்தப் பக்கம்? சொல்லிக்கொண்டே இருங்கோ."

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு, படுக்கையில் தகப்பன் என்று அடுத்தடுத்த வரிகளை அவள் வாசித்தாள். லெப்டொப் அணையும் வரைக்கும் வாசித்தாள். அணைந்த பிறகு கிருஷாந்தன் போனில் வாசித்தான். அவள் அதைப் பேணாட்டுக்குத் திருப்பிச் சொன்னாள். கொஞ்ச நேரத்தில், "தங்கச்சி, பக்கம் வந்திட்டுது, எல்லாப் பெயரும் நிக்குது, இனி நாங்கள் பாப்பம்" என்று பேணாட் சொன்னதும்தான் போனைக் காதிலிருந்து எடுத்தாள்.

பாலத்தை விட்டு இறங்க அவளுக்கு மனமில்லை. இறங்கினால் சிக்னல் போய்விடும். நேவிக்காரர் ட்ரக்கின் முன் இருக்கையைத் திறந்துவிட்டார். மூவரும் நெருங்கி உட்கார்ந்து காத்திருந்தார்கள். மழை சற்று ஓய்ந்து, மேகத்துக்குப் பின்னால் மாலை வெளிச்சம் மங்கியபோது பேணாட் அழைத்தார்.

"பிள்ளைத்தாச்சியை ஏத்தியாச்சு. வள்ளத்திலேயே பிரசவ நோ தொடங்கிட்டுது. மெயின் றோட்டில அம்புலன்சுக்கு மாத்திவிட்டனாங்கள். தாய்க்கு ஒரு குறையும் இல்லை எண்டுதான் சொன்னவை. மாமிக்காரி என்ர கையைப் பிடிச்சபடி விடுறாவில்லை."

அஸாம் "அல்ஹம்துலில்லாஹ்" என்றான். நேவிக்காரருக்குச் சொல் விளங்காவிட்டாலும் விசயம் விளங்கிற்று, சிரித்தார். பஸ்மியா மட்டும் போனைக் காதில் வைத்தபடியே இருந்தாள். பேணாட் இன்னும் வைக்கவில்லை.

"அண்ணன்?"

"மற்றது தங்கச்சி, வாய்க்கால் அந்தப் பக்கம் ஒரு வீடு சொன்னியள். படுக்கையில தகப்பன் எண்டு." பேணாட் குரலைத் தாழ்த்தினார். "மேசைக்கு மேலை மேசை வச்சு அதில கிடத்தியிருந்தவை. நாங்கள் போகேக்க மனிசனுக்கு உயிர் இல்லை."

பஸ்மியாவால் கேட்காமல் விட முடியவில்லை. "முந்திப் போயிருந்தா?"

"அது எனக்குத் தெரியாது. படுக்கையில கிடந்த வருத்தக்காரன், குளிர், தண்ணி. தெரியுமெண்டு நான் சொன்னால் அது பொய். நீங்கள் சொன்னதும் நாங்கள் போனனாங்கள். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அவர் வைத்துவிட்டார். அங்கே இன்னும் வேலை கிடந்தது.

கிருஷாந்தனிடம் மறைத்துவிடலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. அவன் வெள்ளவத்தையில் தனியே இருக்கிறான். யார் சொல்லப் போகிறார்கள்? ஆனால் ஈச்சிலம்பற்று அவன் ஊர். நாளைக்கோ நாளை மறுநாளோ அவனுக்குத் தெரியத்தான் போகிறது. தன் வாயால் தெரியட்டும் என்று அழைத்துச் சொன்னாள். அந்த மனிதருடைய பெயரையும் சொன்னாள்.

அவன் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னான்.

"எனக்கு அந்த வீட்டைத் தெரியும்" என்றான். "பஸ்மியா, நான் கேக்காமல் செய்திருக்கக்கூடாது."

"நானும் அந்த வரியை எழுதாம விட்டிருக்கக்கூடாது."

இரண்டு பேருக்கும் ஆறுதல் சொல்வது பொய்யாகவும், குற்றம் சொல்வது சின்னத்தனமாகவும் பட்டது.

நேவிக்காரர் தன் சார்ஜரை ட்ரக்கில் மாட்டிக் கொடுத்திருந்தார். போனில் கொஞ்சம் உயிர் ஏறியதும், அதன் சின்னத் திரையிலிருந்தே சேர்வருக்குள் போனாள். டேட்டாபேஸுக்கு வொல்யூம் வைக்கும் வரியை எழுதி, அதற்கு வாசித்தால் விளங்கும்படி ஒரு பெயர் கொடுத்தாள். அந்த நிமிடம் வரை சேர்ந்ததையெல்லாம் நகலெடுத்து அதற்குள் ஏற்றினாள். பிறகு, கிருஷாந்தன் அந்தப் பக்கத்தில் பார்த்துக்கொண்டிருக்க, பேணாட்டின் ஆட்களை ஒரு நிமிடம் பொறுக்கச் சொல்லிவிட்டு, டேட்டாபேஸ் கொண்டெய்னரைத் தன் கையாலேயே அழித்தாள்.

"எழுப்புங்க" என்றாள்.

அவன் எழுப்பினான். பெயர்கள் எல்லாம் அப்படியே நின்றன.

"இன்னொருக்கா" என்றான் கிருஷாந்தன். "இந்த முறை நான் அழிக்கிறன், நீங்கள் எழுப்புங்கோ."

அதுவும் நின்றது.

அவர்கள் அதைச் சரிபார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலே ஒரு புதிய வரி வந்து விழுந்தது. குறிஞ்சாக்கேணி, களப்புத் தண்ணீர் வீட்டுக்குள், மூன்று பிள்ளைகள். பஸ்மியா அந்த வரியைச் சிவப்பாக்கினாள். அஸாமின் பக்கம் திரும்பி, "நம்மட பக்கம்தான். கீழ போய் வள்ளம் ஆரிட்ட இருக்கு எண்டு கேளுங்க, நான் இங்கயே நிக்கன்" என்றாள்.

அவன் கதவைத் திறந்துகொண்டு காற்றுக்குள் இறங்கினான்.